இது உருட்டு இல்லை: 'ரோல்' என்ற சொல் வந்த வழி

இந்த எபிசோட் சொற்களோட வரலாறு பத்தினது. அதுலயும் ஒரே ஒரு செயல்: உருளுறது. இங்கிலீஷ்ல உருளுறதுக்கு இருந்த பழைய சொற்கள் என்ன, அதெல்லாம் இன்னிக்கு எங்க போய் ஒளிஞ்சிருக்கு? இதைத்தான் பார்க்கப் போறோம். கேட்டு முடிக்கும்போது உங்க ரோல் நம்பர், வோட்டர் லிஸ்ட் ரெண்டையுமே கொஞ்சம் வேற மாதிரி பார்ப்பீங்கன்னு நினைக்கிறேன்.

யாராவது நம்ப முடியாத கதை விட்டா "சும்மா உருட்டாத"ன்னு சொல்றோம் இல்லையா? இங்கிலீஷ்ல அதுக்குப் பக்கத்துல வர்ற ஒரு சொல் 'ரிக்மரோல்'. தலையும் வாலும் இல்லாத நீளமான பேச்சு. ஒரு சின்ன சர்டிஃபிகேட் வாங்க பத்து ஜன்னல்ல நிக்க வைக்கிற நடைமுறைக்கும் அதே பேர்தான். அந்தச் சொல்லோட கடைசியில இருக்குற 'ரோல்' நிஜமாவே ஒரு சுருள். 1296-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், ஸ்காட்லாந்துப் பிரபுக்களையும் நிலக்காரர்களையும் தனக்கு விசுவாசமா இருப்போம்னு உறுதி எடுக்க வச்சார். அவங்க பேர்கள் பதிவான தோல் ஆவணங்களுக்கு 'ரேக்மன் ரோல்ஸ்'னு பேர். பழைய காலத்து விருந்துகள்ல ஒரு விளையாட்டுக்கும் அதே பேர் இருந்தது. ஒரு சுருள்ல ஆளாளுக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல் தொங்கும். நூலைப் பிடிச்சு இழுத்தா உங்களுக்கு எந்தப் பாட்டுன்னு தெரியும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வரிகள். ரேக்மன் ரோல் தேய்ஞ்சு தேய்ஞ்சு பதினெட்டாம் நூற்றாண்டுல ரிக்மரோல் ஆச்சு. ஆக, இங்கிலீஷ்காரங்களுக்கும் உருட்டுங்கிறது சுருள் சம்பந்தப்பட்டதுதான்.

நடக்கிறது ஒரு காலத்துல உருளுறது

'ரோல்'ங்கிற சொல் இங்கிலீஷுக்கு வெளியிலிருந்து வந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம், பிரெஞ்சு வழியா. அதுக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்ல உருளுறதுக்கு சொந்தச் சொற்கள் இருந்தன. அதுல ஒண்ணை நீங்க தினமும் சொல்றீங்க: 'வாக்'.

ஆமா, நடக்கிறதுக்குச் சொல்ற அதே வாக். பழைய இங்கிலீஷ்ல 'வெயல்கன்'னு இருந்தது. பொருள், புரளுறது, அலைபாயுறது. கடலலை புரளுறதுக்கு அந்தக் காலக் கவிஞர்கள் இதே வேர்ச்சொல்லைப் பயன்படுத்தினாங்க. அப்புறம் இடைக்கால இங்கிலீஷ்ல, அதாவது சுமார் 1200-க்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமா கால்நடையா போறதுங்கிற பொருள் வந்தது. புரளுறது, அலையுறது, சுத்தித் திரியுறது, நடக்கிறதுன்னு படிப்படியா வந்திருக்கலாம்னு மொழியியல்காரங்க விளக்குறாங்க. நம்ம தமிழ்லயும் 'அலை'ன்னா கடல்ல எழும்புறதும்தான், ஊர் ஊராத் திரியுறதும்தான். அதனால இந்தத் தாவல் நமக்கு ரொம்ப அந்நியமாத் தோணாது.

பழைய பொருள் ஒரே ஒரு தொழில்ல மட்டும் தங்கிடுச்சு. தறியிலிருந்து வந்த கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. தொட்டியில போட்டு, மிதிச்சு, புரட்டி, அழுக்கும் எண்ணெய்ப் பசையும் போற வரைக்கும் கெட்டிப்படுத்தணும். தொட்டியில பழைய சிறுநீரும் ஊத்துவாங்க, அதுல இருக்கிற அம்மோனியாவுக்காக. அந்த வேலை செய்றவருக்கு 'வாக்கர்'னு பேர். நாத்தமடிக்கிற தொட்டியில நின்னு துணி மிதிக்கிறவர். இங்கிலாந்தோட வடக்குப் பக்கம் இவர் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். மூணு குடும்பப் பேருக்கும் தொழில் ஒண்ணுதான். ஜானி வாக்கர் பாட்டில்ல ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு கம்பீரமா நடந்து போவாரே, அந்தப் படம் பேரோட இன்றைய பொருளை வச்சு வரைஞ்சது. பேரோட பழைய பொருளை வச்சு வரைஞ்சிருந்தா அவரைத் தொட்டிக்குள்ள நிக்க வச்சிருக்கணும்.

அடுத்தது 'வாலோ'. பழைய இங்கிலீஷ்ல 'வெயல்வியன்', உருளுறது. இன்னிக்கு எருமையும் பன்னியும் சேத்துல புரளுறதுக்கும், மனுஷங்க சோகத்துல ஊறிக் கிடக்கிறதுக்கும் மட்டும்தான் மிச்சம் இருக்கு.

மூணாவது சொல்தான் உங்களுக்குப் பிடிக்கும்: 'ட்ரெண்ட்'. பழைய இங்கிலீஷ்ல 'ட்ரெண்டன்'னா சுழலுறது, உருளுறது. 'ட்ரெண்டல்'னா வட்டம், வளையம். பிறகு ஒரு கடற்கரையோ ஆறோ இந்தத் திசையில வளைஞ்சு போகுதுன்னு சொல்றதுக்கு ட்ரெண்ட் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல விலைவாசி, மக்கள் கருத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்ல வந்தது. இப்போ ஹாஷ்டேக். ஒரு விஷயம் ட்ரெண்டிங்ல இருக்குன்னா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல அது 'உருண்டுகிட்டு இருக்கு'ன்னு அர்த்தம். பாதி நேரம் அது சரியாத்தான் பொருந்துது.

ரோலும் ரதமும்

இப்போ ரோலுக்கு வருவோம். லத்தீன்ல 'ரோட்டா'ன்னா சக்கரம். குட்டிச் சக்கரம்னா 'ரோட்டுலா', அதோட ஜோடி 'ரோட்டுலஸ்'. ரோட்டுலஸ்னா சின்னச் சுருள்னும் பொருள் வந்தது. பிரெஞ்சுக்குப் போகும்போது நடுவுல இருந்த 'ட்' கரைஞ்சு 'ரோல்' ஆச்சு. ரொட்டேட், ரவுண்ட் எல்லாம் அதே குடும்பம். ஹாஸ்பிட்டல்ல நர்ஸ்களுக்கு யாருக்கு என்னிக்கு டியூட்டின்னு போடுற ரோட்டாவும் அந்த லத்தீன் சக்கரம்தான். ஆனா 'ரோஸ்டர்' மட்டும் இதுல சேராது. அது டச்சு மொழியில இறைச்சி வாட்டுற கம்பிச் சட்டத்துக்குப் பேர். கட்டம் போட்ட தாள் அந்தக் கம்பிகள் மாதிரி இருந்ததால பட்டியலுக்கு அந்தப் பேர் வந்தது.

இங்க நமக்கு ஒரு நிஜமான தொடர்பு இருக்கு. லத்தீன் ரோட்டாவும் சமஸ்கிருத 'ரத'மும் ஒரே மூதாதைச் சொல்லோட பிள்ளைகள். ஒண்ணிலிருந்து ஒண்ணு வரலை, ரெண்டுக்கும் பாட்டி ஒண்ணு. சமஸ்கிருதத்துலேர்ந்துதான் தமிழுக்கு ரதம் வந்தது. அப்ப மகாபலிபுரத்துல இருக்கிற பஞ்ச ரதமும், காலேஜ்ல இருக்கிற ரோல் நம்பரும் தூரத்துச் சொந்தம். இதே மாதிரி இன்னொரு ஜோடி, 'வீல்' – 'சக்கரம்'. காதுக்குக் கொஞ்சம்கூட ஒத்துப் போகலை. ஆனா ரெண்டும் ஒரே வேர்.

இப்போ கமென்ட்ல யாராவது கண்டிப்பா கேட்பீங்க: "உருள்தானே ரோல் ஆச்சு? தமிழ்லேர்ந்துதானே இங்கிலீஷ் எடுத்துச்சு?" கேள்வி நல்ல கேள்வி. ஆனா பதில், இல்லை. காரணம் நாம இப்பப் பார்த்த அந்த 'ட்'. ரோலுக்குப் பின்னால ரோட்டுலஸ், அதுக்குப் பின்னால ரோட்டா இருக்கு. வேர்ல 'ல்' கிடையவே கிடையாது. அந்த 'ல்', 'குட்டி'ன்னு சொல்றதுக்காக லத்தீன்காரங்க பின்னால ஒட்டினது. உருள்ல 'ள்' வேரோடவே இருக்கு. இன்னிக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேக்குறது தற்செயல். வீலும் சக்கரமும் ஒத்துக் கேக்காமலேயே சொந்தம். உருளும் ரோலும் ஒத்துக் கேட்டும் சொந்தம் இல்லை. சொல்லோட பழைய வடிவத்தைப் பார்க்காம காதை மட்டும் நம்பினா, அதுதான் உருட்டு.

தோலும் ஓலையும்

சரி, பேர் பட்டியலுக்கு ஏன் 'ரோல்'னு பேர்? ஏன்னா அது நிஜமாவே சுருட்டி வச்ச தோல். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, துண்டு துண்டா தைச்சு இணைச்சு, எழுதி, சுருட்டி வச்சாங்க. இங்கிலாந்து நாடாளுமன்றச் சட்டங்கள் 1849 வரைக்கும் அப்படித்தான் சுருள்ல எழுதி வைக்கப்பட்டன. 1821-ஆம் ஆண்டு வரிச் சட்டம் ஒண்ணு விரிச்சா சுமார் 350 மீட்டர் நீளம். புத்தகத்தைச் சொல்ற 'வால்யூம்'கூட லத்தீன்ல 'உருட்டு'ங்கிற வினையிலேர்ந்து வந்ததுதான். அதே வினையில பிறந்தது 'எவால்வ்', சுருளைப் பிரிக்கிறது. டார்வின் 1859-ல் வெளியிட்ட புத்தகத்தோட முதல் பதிப்புல 'எவல்யூஷன்'ங்கிற சொல் கிடையாது. ஆனா புத்தகம் முடியுற கடைசிச் சொல் 'எவால்வ்ட்'.

நம்ம ஊர்ல எழுதினது பனையோலையில. ஓலையைத் தட்டையா அடுக்கி, துளை போட்டு, கயிறு கோத்துக் கட்டுவோம். ஒவ்வொரு ஓலையும் ஒரு ஏடு. அதனாலதான் இங்கிலீஷ்ல ரோல்னு சொல்றதைத் தமிழ்ல பதிவேடுன்னு சொல்றோம். கிளாஸ்ல டீச்சர் ரோல் கால் எடுக்குறப்ப கையில வச்சிருக்கிறது வருகைப் பதிவேடு. ஒரே நோட்டு. ஒரு மொழியில அது ஆட்டுத் தோல், இன்னொரு மொழியில பனையோலை.

நடிகருக்குக் கிடைக்கிற ரோலும் இதே சுருள்தான். பழைய நாடகக் கம்பெனிகள்ல முழு நாடகத்தையும் எல்லா நடிகருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. கையால எழுதணும், செலவு ஆகும். அதனால ஒவ்வொருத்தருக்கும் அவரவர் வசனம், அதுக்கு முன்னால மத்தவர் பேசுற கடைசி ஓரிரண்டு சொல். அவ்வளவுதான். அதைச் சுருட்டிக் கையில கொடுப்பாங்க. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் எட்வர்ட் ஆலின் 'ஆர்லாண்டோ ஃபியூரியோசோ' நாடகத்துக்குப் பயன்படுத்தின அப்படி ஒரு சுருள், லண்டன் டல்விச் காலேஜ்ல இன்னிக்கும் இருக்கு. தன் பங்கு மட்டும்தான் தெரியும், முழுக் கதை தெரியாது. ஆஃபீஸ்ல 'என்னோட ரோல்'னு பேசுறப்ப இது எவ்வளவு பொருத்தம்னு யோசிச்சுப் பாருங்க.

கன்ட்ரோல்: எதிர்ச்சுருள்

இதுவரைக்கும் ஜாலியாப் போச்சு. இனிமே வர்றதுதான் இந்த எபிசோட் பண்ணதுக்கே காரணம்.

இங்கிலாந்துல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ராஜா சார்பா வரி வசூலிக்க ஒரு ஷெரீஃப் இருந்தார். வருஷா வருஷம் அவர் கஜானா அதிகாரிகள் முன்னாடி வந்து கணக்கு ஒப்படைக்கணும். அந்தக் கணக்கு எழுதின சுருள்களுக்குப் 'பைப் ரோல்ஸ்'னு பேர். இன்னிக்கு மிஞ்சியிருக்கிறதுலேயே பழசு 1130-ஐச் சேர்ந்தது. 1170-களின் கடைசியில ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல்ங்கிற கஜானா அதிகாரி, இந்த ஆஃபீஸ் எப்படி வேலை செய்யுதுன்னு கேள்வி-பதில் வடிவத்துல ஒரு நூலே எழுதினார். ஏன் ஆட்டுத் தோல்னு அதுல காரணம் சொல்றார்: அதுல எழுதினதைச் சுரண்டி மாத்தினா காட்டிக் கொடுத்துடும்.

அது மட்டும் போதலை. கஜானா எழுத்தர் ஒரு சுருள் எழுதும்போதே, இன்னொரு பெரிய அதிகாரியான சான்சலரோட எழுத்தர் பக்கத்துல உக்காந்து அதே கணக்கை இன்னொரு சுருள்ல எழுதுவார். ஒருத்தர் ஏமாத்தினா இன்னொருத்தர் சுருள் காட்டிக் கொடுக்கும். இப்படிச் சரிபார்க்க வைக்கிற இரண்டாவது பிரதிக்கு பிரெஞ்சுல 'கோன்ட்ர ரோல்', அதாவது எதிர்ச்சுருள். அதுதான் 'கன்ட்ரோல்'.

கொஞ்சம் நிதானமா கேளுங்க. கன்ட்ரோல்னா இன்னிக்கு நமக்கு அடக்குறது, கையில வச்சிருக்கிறது. ஆரம்பத்துல அதுக்கு அர்த்தம் 'என்கிட்டயும் ஒரு காப்பி இருக்கு'. யார் கையில இரண்டாவது காப்பி இருக்கோ அவங்கதான் சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடிஞ்சவங்க கையில அதிகாரம் வந்தது. இந்தியாவோட சிஏஜி தெரியுமில்லையா, அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்றவர்? அந்தப் பதவியோட முதல் எழுத்து 'கம்ப்ட்ரோலர்'. 'கணக்கு'ங்கிற பிரெஞ்சுச் சொல்லோட குழப்பிக்கிட்டு யாரோ எழுத்தை மாத்திட்டாங்க. உச்சரிப்பு கன்ட்ரோலர்தான். பழைய பொருள் இன்னும் உயிரோட இருக்கிற இடம் அது.

சுருளைக் கொளுத்தினவங்க

இரண்டாவது காப்பி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? 1381-ல் இங்கிலாந்து விவசாயிகள் அதுக்குப் பதில் சொன்னாங்க.

அப்போ கிராமப்புறத்துல நிறைய பேர் பண்ணையடிமைகள். பண்ணையாரோட நீதிமன்றம் ஒண்ணு இருக்கும். அதுல நடக்கிறதெல்லாம் 'கோர்ட் ரோல்'ல ஏறும். மகளுக்குக் கல்யாணம் பண்ணா பண்ணையாருக்குக் கட்டணம். குடும்பத் தலைவர் செத்துப்போனா வீட்டுல இருக்கிற நல்ல மாடு பண்ணையாருக்கு. எத்தனை நாள் சும்மா உழைக்கணும், யாரோட அப்பா அடிமை, அதனால யார் அடிமை, எல்லாம் அந்தச் சுருள்ல இருக்கு. அது லத்தீன்ல எழுதியிருக்கும், பூட்டி வச்சிருக்கும்.

இதுக்கு மேல தலைவரி வந்தது. பதினைஞ்சு வயசுக்கு மேல ஒரு ஆளுக்கு ஒரு ஷில்லிங். எஸ்ஸெக்ஸ்லயும் கென்ட்லயும் கலகம் வெடிச்சது. கூட்டம் பண்ணை வீடுகளுக்குள்ள புகுந்து முதல்ல தேடினதுல இந்தச் சுருள்களும் உண்டு. இழுத்துட்டு வந்து கொளுத்தினாங்க. பல ஊர்ல இது நடந்தது. படிக்கத் தெரியாத முரட்டுக் கூட்டம் எழுத்தை வெறுத்துச்சுன்னு ரொம்ப நாள் எழுதினாங்க. ஆனா அவங்க கண்டதைக் கொளுத்தலை. எந்தத் தோல் தங்களை அடிமைன்னு சொல்லுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சுருள் போனா ஆதாரம் போச்சு.

கலகம் தோத்தது. தலைவர் வாட் டைலர் ஜூன் 15 அன்னிக்கு ஸ்மித்ஃபீல்டில் ராஜா கண்ணெதிர்லயே வெட்டப்பட்டார். பதினாலு வயசு ராஜா இரண்டாம் ரிச்சர்ட், அடிமைத்தனம் ஒழிஞ்சதுன்னு எழுதிக் கொடுத்த சாசனங்களை ஜூலை மாசமே ரத்து பண்ணிட்டார்.

ஆனா அதுக்கப்புறம் வந்த தலைமுறைகள்ல பண்ணையடிமை முறை மெதுவா உதிர்ந்தது. அதுக்குப் பதிலா வந்த நில உரிமைக்குப் பேர் 'காப்பிஹோல்ட்'. கோர்ட் ரோல்ல உன் நிலத்தைப் பத்தி எழுதியிருக்கிற பகுதியை நகல் எடுத்து உன் கையில கொடுப்பாங்க. அந்தக் காப்பிதான் உன் உரிமை. இந்த முறை 1926 வரைக்கும் இருந்தது. அதாவது, எதிர்ச்சுருள் கடைசியில விவசாயி வீட்டுப் பெட்டிக்குள்ளயும் வந்து சேர்ந்தது. கொளுத்தினதோட நிறுத்தாம, காப்பியைக் கையில வாங்கினதுதான் நீடிச்ச மாற்றம்.

'ரெவல்யூஷன்'கூட உருட்டுற குடும்பம்தான். கோள் ஒரு சுத்து சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்ப வர்றதுக்குப் பேர் அது. கோப்பர்நிக்கஸ் 1543-ல் வெளியிட்ட நூலோட தலைப்புலயே இருக்கு. பழசைக் கவிழ்த்துப் புதுசு கொண்டு வர்றதுங்கிற பொருள் பின்னாடிதான் வேரூன்றிச்சு.

நம்ம பேர் இருக்கா?

இதெல்லாம் இங்கிலாந்து கதை. ஆனா அவங்க ஆட்சியோட அந்தச் சுருளும் இங்க வந்துச்சு. லா முடிச்ச ஃபிரெண்ட் "என்ரோல் பண்ணிட்டேன்"னு ஸ்டேட்டஸ் போடுறாங்களே, பார் கவுன்சில்ல இருக்கிற பட்டியலுக்குச் சட்டப்படி இன்னும் 'ரோல்'னுதான் பேர். வேலைத் திட்டத்துல தினக்கூலி வாங்குறவங்க பேர் மஸ்டர் ரோல்ல இருக்கு.

அந்த மஸ்டர் ரோல்தான் 1990-கள்ல ராஜஸ்தான்ல பெரிய விஷயம் ஆச்சு. வறட்சி நிவாரண வேலை செஞ்ச கிராமத்து ஜனங்களுக்குக் கூலி முழுசா வரலை. மஸ்டர் ரோலைக் காட்டுங்கன்னு கேட்டா ரகசியம்னு சொன்னாங்க. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கிற அமைப்பு 1994 டிசம்பர்லேர்ந்து ஊர்க் கூட்டம் போட்டு, கிடைச்ச பதிவுகளைச் சத்தமா வாசிச்சது. வேலைக்கே வராதவங்க பேர், செத்துப்போனவங்க பேர் எல்லாம் கூலி வாங்கின மாதிரி இருந்துச்சு. கேட்டுக்கிட்டு இருந்த ஊர் ஜனங்களோட ஞாபகம்தான் அங்க எதிர்ச்சுருள். அந்த இயக்கத்தோட தொடர்ச்சியாத்தான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபா கட்டி நாம கேக்குறது, அந்த இரண்டாவது காப்பியைத்தான்.

வாக்காளர் பட்டியலுக்கும் சட்டத்துல பேர் 'எலெக்டோரல் ரோல்'. அதுல பேர் இருந்தாத்தான் வோட்டு. கார்டு மட்டும் கையில இருந்து, பட்டியல்ல பேர் இல்லைன்னா பூத்ல திருப்பி அனுப்பிடுவாங்க. தேர்தல் நாள் அன்னிக்குக் கோபப்படுறதைவிட, வரைவுப் பட்டியல் வெளியாகுறப்பவே அஞ்சு நிமிஷம் எடுத்துப் பார்த்து, இல்லைன்னா படிவம் கொடுக்கிறது நல்லது. உங்களோடது மட்டும் இல்லை. ஃபோன்ல தேடத் தெரியாத பாட்டியோடதையும், போன வருஷம் வீடு மாறின பக்கத்து வீட்டுக்காரங்களோடதையும் சேர்த்துப் பாருங்க. சொல்லோட பழைய அர்த்தப்படி, கன்ட்ரோல்னா அதுதான்.

அடுத்த எபிசோட்ல வேற ஒரு சொல்லோட வர்றேன். உங்களுக்கு ஏதாவது சொல்லு மேல சந்தேகம் இருந்தா கமென்ட்ல போடுங்க, தேடிப் பார்த்துச் சொல்றேன்.